சூடியவளும் தொடுத்தவளும்: கோதை நாச்சியார் வாழ்வு

ஆழ்வார் பன்னிருவருள் பெண் ஒருத்தியே. திருவில்லிபுத்தூரில் தோன்றிய அவள் தன்னைக் கோதை என்றே குறித்துக்கொண்டாள். ஆண்டாள் என்பது பின்வந்தோர் வழங்கிய பெயர். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் அவள் பாடியனவாக அமைந்தவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்களே. இச்சிறு தொகையைச் சுற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துள்ள வரலாறுகளோ பல. குருபரம்பரை நூலார் ஒரு கோதையைக் கண்டனர். உரையாசிரியர் வேறொரு கோதையைக் கண்டனர். விசயநகரப் பேரரசர் ஒருவர் தம் காவியத்துக்குரிய கோதையைப் படைத்துக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டில் அப்படி ஒருத்தி வாழ்ந்தாளா என்னும் ஐயமும் எழுந்தது. இவையனைத்தும் பிறர் சொன்னவை. கோதை தன்னைப் பற்றித் தானே சொன்னவற்றை முதன்மையாகக் கொண்டு, பிறர் கூற்றுகளை அவற்றோடு ஒப்புநோக்கின், மாலை சூடியவள் என்னும் புகழுக்குப் பின்னே மாலை தொடுத்தவள் ஒருத்தி மறைந்திருத்தல் புலனாகும்.

மரபு சொல்லும் பிறப்பு இது. வடபத்திரசாயிக்குப் பூத்தொண்டு புரிந்துவந்த விட்டுசித்தர், ஆடித் திங்கள் பூர நாளில், தம் நந்தவனத்துத் துளசியின் அடியில் பெண் குழவி ஒன்றைக் கண்டெடுத்தார். நிலமகளின் பிறப்பெனக் கருதிக் கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார். ஈன்ற தாய் இல்லாத இப்பிறப்பு, அவளைத் தெய்வமாக உயர்த்துதற்குத் திறந்த வாயில். அதே வேளையில், மண்ணோடும் மக்களோடும் அவளைப் பிணைப்பனவற்றை அறுத்துவிடும் வாயிலும் அதுவே. கோதையோ இக்கதையைத் தன் பாடல்களில் எங்கும் கூறவில்லை. அவள் கூறுவன இரண்டே: தன் ஊர் வில்லிபுத்தூர், தான் விட்டுசித்தர் மகள். தெய்வப் பிறப்பைச் சொல்லாது, ஊரையும் தந்தையையும் சொல்லித் தன்னை நிலைநிறுத்திக்கொண்டாள் என்பது நோக்கத்தக்கது.

அவள் காலம் கி.பி. எட்டாம் நூற்றாண்டென்றும் ஒன்பதாம் நூற்றாண்டென்றும் அறிஞர் உரைப்பர். திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், வெள்ளிக்கோள் தோன்ற வியாழக்கோள் மறையும் விடியல் ஒன்று காட்டப்படுகிறது. இதனைக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731ஆம் ஆண்டைக் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு ஆண்டுகளைக் கணித்துரைத்தாரும் உளர். விட்டுசித்தரைச் சிறப்பித்த பாண்டியன் வல்லபதேவனை ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனாகக் கொள்வோர் ஒன்பதாம் நூற்றாண்டையே ஏற்பர். முடிவு எதுவாயினும், மார்கழி இருளில் வானத்தை அண்ணாந்து பார்த்த ஒரு பெண்ணின் பார்வையே அவள் காலத்தை ஆராய்வார்க்குச் சான்றாக எஞ்சியுள்ளது.

தந்தையின் இல்லமே அவளுக்குக் கல்விச்சாலையாயிற்று எனலாம். பாண்டியன் அவையில் பரம்பொருளை நிறுவிப் பொற்கிழி பெற்றவர் விட்டுசித்தர். இறைவனுக்கே கண்ணேறு படலாகாது என்று அஞ்சிப் பல்லாண்டு பாடியமையால் பெரியாழ்வார் எனப்பட்டார். யசோதையின் நிலையில் நின்று கண்ணனைத் தாலாட்டிய அவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த சிறுமிக்கு, ஒருவர் பிறிதொருவராகி நின்று பாடும் கவிமுறை இளமையிலேயே கைவந்திருத்தல் வேண்டும். நந்தவனமும் அவளுக்கு ஒரு நூலகமே. முல்லை, காந்தள், காயா, கருவிளை, கொன்றை எனப் பூக்களை நிறமும் பருவமும் அறிந்து அவள் பெயர் சொல்லி அழைப்பது, பூக்காரர் வீட்டுப் பெண்ணின் அறிவு.

அவள் வாழ்வின் நடுநாயகமான நிகழ்ச்சியாக மரபு போற்றுவது மாலை சூடிய கதை. விட்டுசித்தர் இறைவனுக்கெனத் தொடுத்துவைத்த மாலையைக் கோதை நாள்தோறும் மறைவில் தான் சூடி, அழகு பார்த்து, மீண்டும் கூடையில் வைத்தாள். ஒருநாள் தந்தை அதனைக் கண்டு கலங்கினார். அன்று மாலை சாத்தாது விடுத்தார். அவள் சூடிக் களைந்த மாலையே தமக்கு உகந்ததென இறைவன் அவர் கனவில் உணர்த்தினான். அன்றுமுதல் அவள் சூடிக் கொடுத்த நாச்சியார் ஆனாள்.

இக்கதையின் ஆற்றல் எளிதில் தேய்ந்துபோவதன்று. பெண்ணுடலைத் தீட்டு என ஒதுக்கிவந்த சமூகத்தில், ஒரு பெண்ணின் கூந்தலில் கிடந்த மாலை தூய்மை இழக்கவில்லை, மாறாக மணம் பெற்றது என்று கூறுவது சிறிய செய்தியன்று. எனினும் இக்கதையுள் ஒரு பங்கீடும் உண்டு: தொடுப்பவர் தந்தை; சூடுபவள் மகள். உழைப்பும் கலையும் அவர்பால் நிற்க, அழகும் ஆசையும் இவள்பால் நிற்கின்றன. கோதையின் சொந்தக் கூற்று இப்பங்கீட்டை மாற்றிவிடுகிறது. திருப்பாவையின் இறுதிப் பாசுரத்தில் அவள் தன் முப்பது பாட்டையும் தமிழ் மாலை எனக் குறித்து, அதனைச் சொன்னவள் கோதை எனத் தன் பெயரையும் பொறித்தாள். பூமாலையைப் பொறுத்தவரை அவள் சூடியவள். பாமாலையைப் பொறுத்தவரை அவளே தொடுத்தவள்.

திருப்பாவை முழுதும் பன்மைக் குரலில் ஒலிக்கிறது. விடியுமுன் எழுந்த பெண்கள், உறங்கும் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்புகின்றனர். நீராடி நோன்பு நோற்கின்றனர். மையும் மலரும் பாலும் நெய்யும் துறக்கின்றனர். நந்தகோபன் மனையடைந்து நப்பின்னையை முன்னிட்டுக் கண்ணனைத் துயிலெழுப்புகின்றனர். வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தன்னை ஆய்ச்சியாகவும் கோதை பாவித்தாள் என்பர் உரையாசிரியர். ஆயர் மகளிரின் கொண்டையும் நடையும் பேச்சும் மேனி மணமும்கூட அவளுக்கு வந்துவிட்டன என்று அவர்கள் வியந்தனர். அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பால்நிலை என்பது பிறப்பில் வாய்த்த உட்பொருளன்று, மீளமீளச் செய்து காட்டுவதால் உருவாவது என்று நிறுவ முயன்றார். அந்தணர் இல்லத்துப் பெண் ஆய்ச்சியாகிக் காட்டிய பாவையை இக்கருத்தோடு பொருத்திப் பார்த்தல் தகும். பெண்ணும் ஒரு வேடம் பூணலாம், அவ்வேடத்தைத் தானே தெரிந்தெடுக்கலாம், அதன்வழிப் பிறந்த குலத்தின் வரம்பையும் கடக்கலாம் என்பதை அவள் பாட்டு முன்னரே நிகழ்த்திக் காட்டியிருந்தது.

நாச்சியார் திருமொழியில் குரல் தனிமையுறுகிறது. பதினான்கு பதிகங்களாக அமைந்த அந்நூலின் தொடக்கத்தில் தையும் மாசியும் காமனை நோற்கும் பெண்ணொருத்தி நிற்கிறாள். தன் உடல் மானிடர்க்கு உரியதெனப் பேச்செழுந்தால் உயிர் தரிக்க மாட்டாள் என்று அறுதியிட்டுக் கூறுகிறாள். சிற்றில் சிதைக்க வேண்டாவென மன்றாடுகிறாள், கூடல் இழைக்கிறாள், குயிலை ஏவுகிறாள், மேகங்களைத் தூது விடுகிறாள். கண்ணன் வாயின் மணமும் சுவையும் யாவையென அவன் கைச்சங்கை வினவுகிறாள். ஆறாம் பதிகத்தில் தன் மணவிழாவைக் கனவாகக் கண்டு, தோரணம் நாட்டியது முதல் பொரியிட்டது வரை ஒவ்வொரு சடங்கையும் தோழிக்கு எடுத்துரைக்கிறாள். பதின்மூன்றாம் பதிகத்திலோ, பயனற்றுப்போன தன் கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிந்து தன் அழலைத் தீர்த்துக்கொள்ளத் துணிகிறாள். மதுரையை எரித்த கண்ணகியின் செயலை நினைவூட்டும் இச்சினம், இறைவனை நோக்கியது என்பது எண்ணத்தக்கது. பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் எலேன் சிக்சு, பெண் தன் உடலை எழுதவேண்டும் என 1975இல் அறைகூவினார். அவ்வறைகூவலுக்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அது தமிழில் எழுதப்பட்டுவிட்டது.

தந்தைக்கும் மகளுக்கும் இடையே நிலவிய உறவின் ஒரு கீற்றும் இந்நூலுள் தென்படுகிறது. பத்தாம் பதிகத்தின் முடிவில், விட்டுசித்தர் தம் தேவரை வரவழைக்க வல்லராயின் அதனைக் காண்போமே என்னும் கருத்துப்படத் தோழியிடம் பேசுகிறாள். அடுத்த பதிகத்திலும், அரங்கர் கொடுத்த வாக்கைத் தந்தையார் கேட்டிருப்பார், அவ்வாக்கே பொய்க்குமாயின் என் செய்வது என்னும் பொருள் தொனிக்கிறது. மதிப்பும் மெல்லிய எள்ளலும் கலந்த குரல் இது. தந்தையின் பற்றை நம்பியிருப்பவள், அதன் வெற்றியை ஐயுறவும் துணிகிறாள்.

வாழ்வின் முடிவையும் மரபே கூறுகிறது. மகளுக்கு மணமகனைத் தேடிய விட்டுசித்தர்க்கு அரங்கன் கனவில் தோன்றி, அவளைத் திருவரங்கத்துக்கு அழைத்துவரப் பணித்தான். பல்லக்கில் சென்ற கோதை, கருவறையுள் புகுந்து அரங்கனோடு கலந்து மறைந்தாள். மகளை ஒன்றே பெற்று, திருமகளைப்போல் வளர்த்து, செங்கண்மாலிடம் பறிகொடுத்த தாயொருத்தியின் புலம்பலைப் பெரியாழ்வார் பாடியுள்ளார். அதனை அவர்தம் சொந்த இழப்பாகவே கேட்டு உருகுவாரும் உண்டு. கோதையின் பாடல்களிலோ திருமணம் கனவாகவே நிற்கிறது. கனவை நனவாக்கி முடித்துவைத்தவர்கள் வரலாற்றை எழுதியவர்கள். ஏக்கத்தை ஏக்கமாகவே விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. மணமாகாத பெண்ணைக் கதையில்கூட மணமாகாதவளாக விட்டுவைக்கவும் மனமில்லை போலும்.

மறைந்தபின் தொடங்கியது அவளது இரண்டாம் வாழ்வு. இராமானுசர் திருப்பாவையில் தோய்ந்து திருப்பாவை சீயர் எனப் பெயர் பெற்றார். திருமாலிருஞ்சோலை அழகர்க்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாகக் கோதை பாட்டில் நேர்ந்துகொண்டதை அவர் நிறைவேற்றினார் என்றும், அதனால் அவளுக்கு அண்ணன் ஆனார் என்றும் கூறுவர். உரையாசிரியர்களும் அவளைப் பிற ஆழ்வார்களினும் மேலாக வைத்தனர். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் ஆண்களாயிருந்து பெண்ணிலை எய்திப் பாடியது, நீரை மேட்டுக்கு ஏற்றும் மேட்டுமடை. கோதை பெண்ணாகவே பிறந்து தலைவனைக் காதலித்தது, நீர் தானே பாயும் பள்ளமடை என்பது அவர்கள் காட்டிய உவமை.

பாராட்டாகச் சொல்லப்பட்ட இவ்வுவமையின் விளைவு ஆராய்தற்குரியது. ஆண் பாடினால் அது முயற்சி. பெண் பாடினால் அது இயற்கை. முயற்சிக்குக் கலை என்று பெயருண்டு, இயற்கைக்குப் பெயரில்லை. முப்பது பாட்டையும் ஒரே கொச்சகக் கலிப்பா யாப்பில் எட்டெட்டு அடியாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரே முடிநிலைச் சொல்லில் கொண்டுவந்து சேர்த்த கைத்திறன் தானே வழிந்த நீரன்று. சங்க அகமரபையும் பாவை நோன்பையும் ஆழ்வார் பத்தியையும் ஒருங்கு பிணைத்தது, அறிந்து செய்த செயல். பின்நவீனத்துவப் பெண்ணியம் வற்புறுத்தும் அடிப்படைகளுள் ஒன்று, இயற்கை எனக் காட்டப்படுவதைக் கட்டுடைத்து, அதனை இயற்கையாக்கியவர் யாவரென வினவுதல். பள்ளமடை உவமை அவ்வினாவுக்கு உரிய இடம்.

இவ்வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சப்பானில் வாழ்ந்த ஓனோ நோ கோமாச்சி என்னும் பெண் கவிஞர், கனவில் வந்து மறையும் காதலனைக் குறித்துப் புகழ்பெற்ற குறும்பாக்களை இயற்றினாள். ஏறத்தாழ கி.பி. 905இல் தொகுக்கப்பெற்ற கொக்கின்ஷூ என்னும் அரசவைத் தொகை அவள் பாக்கள் பதினெட்டினை ஏற்றது. அதன் முன்னுரையில் தொகுப்பாசிரியருள் ஒருவரான கி நோ சுராயுக்கி, அவள் கவிதை நெஞ்சைத் தொடுவதாயினும் வலிமையற்றது, நோயுற்ற அழகியைப் போன்றது எனக் கூறி, பெண்ணின் கவிதை ஆதலால் அங்ஙனம் இருத்தல் கூடும் என அமைதியும் கண்டார். இங்குப் பெண்மை கவிதையை எளிதாக்கியது; அங்குப் பெண்மை கவிதையை மெலிதாக்கியது. இரண்டிலும் கவிஞரின் கை மறைக்கப்பட்டது.

கதைகளின் போக்கும் ஒப்புநோக்கத்தக்கது. காதலரை மறுத்த கோமாச்சியைப் பிற்கால நோ நாடகங்கள் செருக்குக்குத் தண்டனையாக முதுமையும் வறுமையும் எய்தி அலையும் இரவலாட்டியாக்கின. மானிடரை மறுத்த கோதையை வைணவ மரபு தெய்வமாக்கியது. ஒருத்தி கோயிலுள் வைக்கப்பட்டாள். ஒருத்தி தெருவில் விடப்பட்டாள். நிலைகள் எதிரெதிராயினும், தன் ஆசையைத் தானே சொன்ன பெண்ணை மனிதப் பெண்ணாக வாழவிடத் தெரியாமை இரண்டுக்கும் பொது.

திருவில்லிபுத்தூரின் கதை தெலுங்கு இலக்கியத்தையும் சென்றடைந்தது. கி.பி. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், சூடிக் கொடுத்தவள் என்னும் பொருள்படும் ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். பெயர் அவளுடையதாயினும், விட்டுசித்தர் வாதம், யாமுனாசாரியர் வரலாறு, மாலதாசரி கதை ஆகியன அக்காவியத்தின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. திருவில்லிபுத்தூருக்கு அண்டையிலுள்ள இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசுக்கள் வாழ்ந்துவருதலின், தமிழ்ப் பாவையும் தெலுங்குக் காவியமும் ஒரே வட்டாரத்தின் உரிமைச் செல்வங்களாயின.

1946இல் வேறொரு திருப்பம் நேர்ந்தது. ஆண்டாள் என ஒருத்தி வாழ்ந்ததில்லை, பெரியாழ்வாரே அவ்வாறு பாடினார் என்னும் கருத்தை இராஜாஜி வெளியிட்டார். தெய்வமாக்கப்பட்டபோது அவள் மனிதத்தன்மையை இழந்தாள். இக்கருத்தினாலோ இருப்பையே இழந்தாள். ஆசிரியன் இறந்துவிட்டான் என ரோலண்ட் பார்த் 1967இல் அறிவித்தபோது, பெண்ணியத் திறனாய்வாளர் நான்சி மில்லர் போன்றோர் அதனை அப்படியே ஏற்கவில்லை. ஆசிரியராக ஒருபோதும் ஒப்புக்கொள்ளப்படாதவர்க்கு அம்மரணம் விடுதலையாகாது என்பது அவர்தம் வாதம். கோதையின் வழக்கில் இவ்வாதம் பெரிதும் பொருந்தும். பிரதி போதும், பெயர் வேண்டா என்று கூறுமிடத்தில், பெயர் உடனே தந்தையிடம் சென்றுவிடுகிறது.

2018 ஜனவரியில் இராசபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஆற்றிய உரையும், அதில் எடுத்தாளப்பட்ட ஆய்வுக் குறிப்பொன்றும் பெரும் சர்ச்சையை எழுப்பின. கண்டனங்கள் எழுந்தன, வருத்தம் தெரிவிக்கப்பட்டது, திருவில்லிபுத்தூரில் உண்ணாநோன்பு நிகழ்ந்தது. அவள் யார் என்பது பற்றிப் பேசியோர் எண்ணற்றோர். அவள் எழுதியது யாது என்பது அவ்வாரவாரத்தில் அரிதாகவே கேட்டது. மார்கழியில் திருப்பாவை ஒலிக்காத வைணவக் கோயில் இல்லை. திருமலையில் அம்மாதம் சுப்ரபாதத்துக்கு மாற்றாகவும் அதுவே ஓதப்பெறுகிறது. நாச்சியார் திருமொழியிலோ மணக்கனவுப் பதிகம் ஒன்றே வீடுகளில் வழங்குகிறது. சினமும் வேட்கையும் நிறைந்த பிற பதிகங்கள் பொதுச்செவிக்கு எட்டுவதில்லை. கோயில்களின் பிரபந்த கோஷ்டியில் மரபாக ஆண்களே ஓதிவருதலின், பெண்ணின் சொல் பெரிதும் ஆண்குரலிலேயே ஒலித்துவந்துள்ளது.

இந்நிலையில் கோதை தன் பதிகங்கள் பலவற்றின் இறுதியில் தன் பெயரைப் பொறித்துவைத்தமையின் அருமை விளங்கும். சப்பானில் கெஞ்சியின் கதையை எழுதிய பேராசிரியைக்கும் இயற்பெயர் இன்னதென உறுதியாகத் தெரியவில்லை. முரசாக்கி ஷிக்கிபு என்பதன் பிற்பகுதி அவள் தந்தை வகித்த பதவியைச் சுட்டுவது. மற்றொரு புகழ்பெற்ற நாட்குறிப்பாசிரியை, இன்னார் தாய் என்றே அறியப்படுகிறாள். 1901இல் யோசனோ அகிகோ, கலைந்த கூந்தல் எனப் பொருள்படும் மிதாரெகாமி தொகுப்பில் பெண்ணின் வேட்கையை வெளிப்படப் பாடியபோது அந்நாட்டு இலக்கிய உலகம் அதிர்ந்தது. மணமான இருவரும் ஒரே குடும்பப்பெயர் தாங்கவேண்டும் என்னும் சட்டத்தால் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இணையரில் பெண்ணே தன் பெயரைத் துறக்கும் நிலை அங்கு நிலவியது. அதனை எதிர்த்த வழக்குகளில் 2015இலும் 2021இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பெயர் என்பது அணிகலனன்று. அது உரிமை என்பதை அவ்வழக்குகளைத் தொடுத்த பெண்கள் உணர்ந்திருந்தனர். கோதையும் உணர்ந்திருந்தாள். தந்தை பெயரை முன்வைத்தே அவள் தன் பெயரைச் சொன்னாள் எனலாம். ஆயினும் அங்கு நிற்காமல் தன் பெயரையும் சொன்னாள்.

திருவில்லிபுத்தூரில் இன்றும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மறுநாள் காலையில் வடபத்திரசாயிக்குச் சாத்தப்பெறுகிறது. சித்திரையில் அழகர்க்கும், புரட்டாசியில் திருவேங்கடவனுக்கும் மாலை செல்கிறது. அம்மாலைகளைத் தொடுக்கும் கைகள் நாள்தோறும் மாறுகின்றன. மலர்கள் மறுநாளே வாடுகின்றன. கோதை தொடுத்த மாலையில் மட்டும் தொடுத்தவள் பெயர் முடிச்சாக விழுந்துள்ளது. அம்முடிச்சு அவிழாதவரை, அவள் வாழ்ந்தாளா என்னும் வினாவுக்கு வேறு விடை தேடவேண்டியதில்லை.